பேன் கேஸ்கட்டை மூன்று முறை மாற்றியும் நிற்காத ஆயில் ஒழுக்கு

பழைய ஆட்டோமேட்டிக் வண்டியின் அடியில் சிவப்புச் சொட்டு விழுந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: வண்டியைத் தூக்குவார்கள், கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான பேன் நனைந்திருக்கும், பேன் விளிம்பில் ஆயிலைத் தடுக்கும் பட்டையான கேஸ்கட்டை மாற்றுவார்கள். ஒரு வாரம் காய்ந்திருக்கும். பிறகு அதே இடத்தில் அதே சொட்டு. அடுத்த முறை கேஸ்கட்டோடு சிலிக்கானும் பூசப்படும். அதற்கும் அடுத்த முறை போல்ட்டுகள் இன்னும் கால் சுற்று இறுக்கப்படும். ஒழுக்கு மட்டும் நிற்காது. கியர்பாக்ஸில் ஆகக் கீழே இருப்பது பேன். மேலே எங்கிருந்து ஒழுகினாலும் ஆயில் வந்து சேரும் இடம் அதுதான். ஓடும் வண்டியில் காற்று அடித்து ஆயிலைப் பின்பக்கமாகவும் தள்ளிவிடும். அதனால் பேன் நனைந்திருப்பதை வைத்துப் பேன்தான் ஒழுகுகிறது என்று முடிவு கட்டிவிட முடியாது.

சொட்டைச் சின்ன விஷயமாக நினைக்கவும் முடியாது. ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மி.லி., அதாவது 20 சொட்டுக்கு ஒரு மி.லி. நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 1,440 சொட்டு, 72 மி.லி. இரண்டு வாரத்தில் ஒரு லிட்டர் போய்விடும். ஒரு லிட்டர் குறைந்த கியர்பாக்ஸில் வளைவில் திரும்பும்போதும் மேட்டில் ஏறும்போதும் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். பிரஷர் விழும், கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கும், வழுக்கினால் கருகும். ஒழுகுவது சூடான சைலன்சர் குழாய் மேல் என்றால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. வெறும் ஈரம் படிந்து தூசி ஒட்டியிருக்கிறது, சொட்டாகத் திரளவில்லை என்றால் விட்டுவைத்துக் கண்காணிக்கலாம். சொட்டத் தொடங்கிவிட்டால் விட்டுவைக்கக் கூடாது.

முதலில் அது கியர் ஆயில்தானா என்று பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் ஏ.டி.எஃப். பெரும்பாலும் சிவப்புச் சாயம் போட்டது. ஆனால் பழசானால் பழுப்பாகிவிடும், எஞ்சின் ஆயிலைப் போலவே தெரியும். பல பழைய வண்டிகளில் பவர் ஸ்டியரிங்கிலும் இதே ஏ.டி.எஃப்.தான். ஸ்டியரிங் ராக்கிலிருந்து ஒழுகி கியர்பாக்ஸ் மேல் வழிந்தால் கியர்பாக்ஸைத்தான் குற்றம் சொல்வோம். சிவப்பு கூலண்ட்டும் உண்டு. தண்ணீரில் விட்டால் கூலண்ட் கரைந்துவிடும், ஆயில் மிதக்கும். பவர் ஸ்டியரிங் டப்பாவின் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால் ஒரு வாரத்தில் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஒட்டிய ஆயிலையும் தரையில் விழுந்ததையும் வெள்ளை டிஷ்யூவில் பக்கத்தில் பக்கத்தில் தொட்டு வைத்துப் பாருங்கள். நிறமும் வாசனையும் ஒத்துப்போக வேண்டும்.

கழுவாமல் கண்டுபிடிக்க முடியாது

இந்த வேலையில் பாதி கழுவுவதுதான். பல வருட ஆயிலும் மண்ணும் சேர்ந்து கேக்காகப் படிந்த கியர்பாக்ஸில் ஒழுகும் இடத்தைக் கண்ணால் கண்டுபிடித்ததாகச் சொல்வது ஊகம்தான். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் மட்டும் தூக்கிவிட்டு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, ஒருமுறை உலுக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் காற்று வெளியேறும் பிரீதர் குழாயையும் எலக்ட்ரிக் கனெக்டர்களையும் பிளாஸ்டிக் பை சுற்றி மூடி, டீகிரீசர் அடித்து 10 நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, வேகம் குறைந்த தண்ணீரில் கழுவுங்கள். ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்தான் சீல், ஷாஃப்ட்டில் உரசும் அதன் ஓரம்தான் உதடு. பிரஷர் வாஷரைச் சீலின் உதட்டுக்கு நேராகக் காட்டினால் தண்ணீர் உள்ளே போகும், அழுக்கும் கூடப் போகும். காய்ந்த பிறகு மூலை முடுக்குகளில் பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், காற்றோட்டம் இருக்கட்டும், சூடான குழாய் மேல் அடிக்க வேண்டாம்.

கழுவும்போது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக் கூடான பெல் ஹவுசிங்கின் மேற்பகுதி, எஞ்சின் வால்வ் கவரின் பின்பக்கம், கியர்பாக்ஸின் கூரை, அடியில் குறுக்கே போகும் சட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் கழுவ வேண்டும். பேனை மட்டும் துடைத்துவிட்டால் மேலே தேங்கியிருக்கும் பழைய ஆயில் இரண்டு நாள் கழித்து வடிந்து வந்து ஆளை ஏமாற்றும்.

பிறகு இரண்டு வழிகள் உண்டு. காய்ந்த பரப்பில் டால்க் பவுடரை மெல்லிதாகத் தூவினால் ஆயில் வரும் இடத்தில் கருமையாக ஒரு கோடு விழும். அந்தக் கோடு எங்கே தொடங்குகிறது என்பதுதான் முக்கியம், எங்கே முடிகிறது என்பதல்ல. இன்னொரு வழி, ஆயிலில் கலக்கும் யூ.வி. டை, அதாவது யூ.வி. வெளிச்சத்தில் ஒளிரும் சாயம். சாதாரணமாக 30 மி.லி. அளவு புட்டியாக வரும். புட்டியில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம். ஊற்றும் முன்பே ஒருமுறை யூ.வி. டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சில ஆயில்களும் கிரீஸ்களும் தாமாகவே லேசாக ஒளிரும். மஞ்சள் கண்ணாடி போட்டு இருட்டில் பார்த்தால்தான் டை தெளிவாகத் தெரியும்.

எப்போது சொட்டுகிறது?

அனுபவம் உள்ள மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வி இது. எங்கே சொட்டுகிறது என்பது அதற்குப் பிறகு. வண்டி அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து, முன் சக்கரத்துக்கு நேராக ஒரு கோடு போட்டு, நான்கு கட்டமாகப் பாருங்கள். முதலில் 15 நிமிடம் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, பிரேக்கை அழுத்தியபடி ஒருவர் எல்லா கியரிலும் சில நொடி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ அடியிலோ யாரும் இருக்கக் கூடாது. இரண்டாவது, 10 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு வந்து பார்க்க வேண்டும். மூன்றாவது, ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்து. நான்காவது, மூன்று நாள் எடுக்காமல் நிறுத்தி வைத்து. இந்த நான்காவதைத்தான் யாரும் செய்வதில்லை. அடங்காத ஒழுக்குகள் பல அங்கேதான் பிடிபடும்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் சொட்டி, அணைத்ததும் அடங்கிவிட்டால் பிரஷர் இருக்கும் இடத்தைப் பாருங்கள்: கூலர் குழாய்கள், அவற்றின் நட்டுகள், பம்பின் முன் சீல். ஓட்டினால் மட்டும் வருகிறது, ஐடிலில் வரவில்லை என்றால் பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் போகும் பின் சீல், ஆக்சில் சீல்கள், சூட்டில் நுரை தள்ளும் பிரீதர். நிறுத்திய சில மணி நேரத்தில் நிதானமாகச் சொட்டினால் பேன் கேஸ்கட், டிரெயின் பிளக் வாஷர், ஆயில் மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஆக்சில் சீல். ராத்திரி முழுக்கக் காய்ந்திருந்து இரண்டு மூன்று நாள் நின்ற பிறகு மட்டும் குளம் கட்டினால் அது வேறு கதை.

நின்றால் மட்டும் ஒழுகும் வண்டி

எஞ்சினின் சுழற்சியை ஆயில் மூலமாக கியர்பாக்ஸுக்குக் கொடுப்பது டார்க் கன்வர்ட்டர். ஓடும்போது அதற்குள் பல லிட்டர் ஆயில் இருக்கிறது. எஞ்சின் அணைந்த பிறகு அது அங்கேயே நிற்க வேண்டும். பழைய கியர்பாக்ஸில் பம்ப் தேய்மானம், ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷின் தேய்மானம், ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியில் இருக்கும் செக் வால்வின் கசிவு இவற்றால் அந்த ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேனுக்கு இறங்கிவிடும். இரண்டு மூன்று நாளில் பேனில் ஆயில் மட்டம் பேன் விளிம்பைத் தாண்டி மேலே ஏறும். ஓடும்போது ஆயிலே தொடாத ஓ-ரிங்குகளும் சீல்களும் இப்போது ஆயிலில் மூழ்கிக் கிடக்கும். கியர் லீவரோடு இணைந்த செலக்டர் ஷாஃப்ட்டின் சீல், டிப்ஸ்டிக் குழாய் கியர்பாக்ஸின் கூடான கேஸுக்குள் இறங்கும் இடத்து ஓ-ரிங், எலக்ட்ரிக் கனெக்டரின் ஓ-ரிங் இந்த மூன்றும்தான் வழக்கமான ஆட்கள். ஒழுகும் ஆயில் பேன் விளிம்பு வழியாக ஓடிப் பேனின் மூலையிலிருந்து விழும். பழி மறுபடியும் பேன் கேஸ்கட்டின் மேல்.

கிரைஸ்லரின் பழைய டார்க்ஃபிளைட் 727, 904 கியர்பாக்ஸ்கள் இப்படி வடிவதற்குப் பேர்போனவை. நீண்ட நாள் நின்ற பிறகு ஸ்டார்ட் செய்து டிரைவில் போட்டால் வண்டி சில நொடி நகராமல் நிற்கிறதா? அதுவும் இதே அறிகுறிதான், கன்வர்ட்டர் காலியாகிவிட்டது. பழைய டார்க்ஃபிளைட்டில் பார்க்கில் வைத்தால் பம்ப் கன்வர்ட்டரை நிரப்பாது. நியூட்ரலில் வைத்து ஓடவிட வேண்டும், மட்டம் பார்ப்பதும் நியூட்ரலில்தான்.

உறுதி செய்ய ஒரு சின்னச் சோதனை போதும். ஓட்டிவிட்டு அணைத்த ஒரு மணி நேரம் கழித்து, ஸ்டார்ட் செய்யாமல், டிப்ஸ்டிக்கை இழுத்து மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அணைந்த நிலையில் மட்டம் ஃபுல் கோட்டுக்கு மேலேதான் காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூன்று நாள் கழித்து மறுபடி அதேபோல் பாருங்கள். மட்டம் நன்றாக ஏறியிருந்தால் கன்வர்ட்டர் வடிகிறது. வடிவதையே நிறுத்த கியர்பாக்ஸை இறக்கிப் பம்பைப் பார்க்க வேண்டும். ஓட்டத்தில் வேறு குறை இல்லாத வண்டிக்கு அவ்வளவு தேவையில்லை. வெளியே வரும் வழிகளை அடைத்தால் போதும்.

செலக்டர் ஷாஃப்ட் சீலைப் பல வண்டிகளில் கியர்பாக்ஸை இறக்காமலே மாற்றலாம். முதலில் ஒன்றிரண்டு லிட்டர் ஆயிலை வடித்துவிடுங்கள், இல்லையென்றால் சீலை எடுத்ததும் கையெல்லாம் ஆயில். ஷாஃப்ட்டின் மேலிருக்கும் லீவரின் நட்டைக் கழற்றும்போது லீவரை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் திருகினால் அந்த விசை முழுவதும் உள்ளே கியர் நிலையைப் பிடித்து வைக்கும் டிடென்ட் பிளேட்டுக்குப் போகும். அது வளைந்தால் கியர் இருக்கும் இடமே மாறிவிடும். நியூட்ரல் சுவிட்ச் ஷாஃப்ட்டில் மாட்டியிருந்தால் அதன் இருப்பிடத்தை மார்க்கரால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள்.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட்டில் துரு இருக்கும். முதல் முறை மாற்றிய புதுச் சீல் ஒரு மாதத்தில் ஒழுகுவது இந்தத் துருவால்தான்: சீலை உள்ளே தள்ளும்போது அதன் உதடு துருவில் கிழிகிறது. 400 நம்பர் எமரி பேப்பரைப் பட்டையாக வெட்டி, ஷாஃப்ட்டைச் சுற்றி வளைத்து இழுத்துத் தேய்த்து, விரல் நகத்துக்கு ஒன்றும் தட்டாத வரை சுத்தம் செய்யுங்கள். பழைய சீல் இன்னும் உள்ளே இருக்கும்போதே இதைச் செய்துவிட்டால் தூள் உள்ளே விழாது. பிறகு சீலின் உலோக வளையத்தில் 2 மி.மீ. துளை ஒன்று போட்டு, டிரில் முனையில் கிரீஸ் தடவி, சின்ன ஸ்குரூ ஒன்றை முடுக்கி அதைப் பிடித்து இழுங்கள். டிரில் ஷாஃப்ட்டிலோ கேஸின் சுவரிலோ பட்டால் அந்தக் கீறலே அடுத்த ஒழுக்கு. அவசரப்படாமல் செய்யுங்கள். புதுச் சீலைப் போடும் முன் ஷாஃப்ட்டின் மரையையும் தட்டையான முனையையும் மெல்லிய டேப்பால் சுற்றி, அதன் மேல் ஏ.டி.எஃப். தடவி, சீலை வழுக்கிக் கொண்டுவந்து, சீலின் வெளி விளிம்பில் மட்டும் உட்காரும் டீப் சாக்கெட் வைத்துச் சமமாகத் தட்டுங்கள். கேஸின் பரப்போடு சமமாக வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

டிப்ஸ்டிக் குழாய் ஓ-ரிங் மலிவான சாமான், ஆனால் அதை மாற்றுவது மட்டும் போதாது. குழாயை எஞ்சினோடு பிடிக்கும் பிராக்கெட் போல்ட் பல பழைய வண்டிகளில் காணாமல் போயிருக்கும். குழாய் ஆடிக்கொண்டே இருந்தால் எந்த ஓ-ரிங்கும் நிற்காது.

கனெக்டர் ஒழுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டியது. மெர்சிடிஸின் 722.6 கியர்பாக்ஸில் கனெக்டர் அடாப்டரின் ஓ-ரிங் போனால் ஆயில் வயருக்குள் ஊர்ந்து மேலே ஏறி கியர்பாக்ஸ் கன்ட்ரோல் யூனிட் வரை போய்விடும். வெளியே சொட்டு குறைவாக இருக்கலாம், செலவு பெரிதாகிவிடும். இசட்.எஃப். 6ஹெச்பி வரிசையிலும் கனெக்டரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் ஸ்லீவ் இதேபோல் ஒழுகி, பேனின் பின் மூலையிலிருந்து வருவதுபோலத் தெரியும். கனெக்டரைப் பிடுங்கி உள்ளே ஒரு வெள்ளைத் துணி முனையை விட்டுப் பாருங்கள். பின்களில் ஆயில் இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

பிரீதர் அடைப்பையும் இங்கேயே சொல்லிவிடலாம், வேலை ஐந்து நிமிடம்தான். கியர்பாக்ஸ் சூடானால் உள்ளே காற்று விரியும், போக வழி வேண்டும். பிரீதர் மண்ணாலோ பெயிண்ட்டாலோ அடைந்திருந்தால் அந்தக் காற்று சீல்களைத் தள்ளும், நல்ல சீலும் ஒழுகும். பிரீதர் மூடியை விரலால் சுற்றிப் பாருங்கள், சுழல வேண்டும். குழாய் வகை என்றால் கழற்றி ஊதிப் பாருங்கள். பிரீதர் வழியாகவே ஆயில் வந்தால் பெரும்பாலும் ஆயில் அதிகம். கியர்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கி வெளியே தள்ளுகின்றன. அதைப் பார்த்துவிட்டு எந்த கேஸ்கட்டையும் தொட வேண்டாம், ஆயிலைக் குறைத்தால் போதும்.

பேன்தான் என்று உறுதியானால்

உண்மையிலேயே பேன் ஒழுகும் வண்டிகளும் உண்டு, பெரும்பாலும் அதை மாற்றிய கைகளால். போல்ட்டை அதிகம் இறுக்கும்போது தகர விளிம்பு ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் கேஸ்கட் பக்கமாகக் குமிழாக எழும்பும். பிறகு கேஸ்கட் ஓட்டைகளில் மட்டும் நசுங்கி, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவில் இடைவெளி விடும். இன்னும் இறுக்கினால் குமிழ் இன்னும் பெரிதாகும். இறுக்க இறுக்க ஒழுக்கு கூடுவதன் ரகசியம் இதுதான்.

பேனை இறக்கும்போது ஒரு பக்கப் போல்ட்டுகளை முழுதும் கழற்றி, எதிர்ப்பக்கத்தில் இரண்டைத் தளர்த்தி மட்டும் வைத்தால் பேன் ஒரு மூலையில் சாய்ந்து ஆயில் அங்கே வழியும். பல வண்டிகளில் 3 முதல் 5 லிட்டர் வரும், அதை அளந்து வையுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது சாதாரணம். ஊசி ஊசியாக உலோகத் துண்டு இருந்தால் ஒழுக்கைவிடப் பெரிய பிரச்சினை காத்திருக்கிறது.

விளிம்பின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைத்துப் பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். இரண்டு ஓட்டைகளுக்கு இடையே வெளிச்சம் தெரிந்தால் விளிம்பு வளைந்திருக்கிறது. கேஸ்கட் உட்காரும் பக்கம் மேலே வரும்படி விளிம்பை ஒரு தட்டையான இரும்புக் கட்டையின் மேல் வைத்து, குமிழ்களைச் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமமாக்குங்கள். கேஸ் பக்கத்துப் பழைய கேஸ்கட்டை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் எடுக்க வேண்டும், அலுமினியம் இளகிய உலோகம். மெஷினில் மாட்டிச் சுற்றும் எமரி டிஸ்க்கை அங்கே கொண்டுபோகவே கூடாது. அதன் தூள் வால்வ் பாடிக்குள் போனால் வால்வுகள் சிக்கும்.

போல்ட் ஓட்டைக்குள் ஆயில் தேங்கியிருந்தால் ஊதியோ துடைத்தோ எடுத்துவிடுங்கள். அடி மூடிய ஓட்டையில் ஆயில் இருக்கப் போல்ட்டை முடுக்கினால் கைக்கு இறுகியதுபோலத் தெரியும், பேனைப் பிடித்திருக்காது. கேஸ் விரிசல் விடவும் கூடும். சில ஓட்டைகள் கேஸுக்கு உள்ளே வரை ஊடுருவியவை. அவற்றின் மரை வழியாகவே ஆயில் இறங்கும். அந்தப் போல்ட்டுகளுக்கு மட்டும் மரையில் ஆயில் தாங்கும் த்ரெட் சீலன்ட் தடவ வேண்டும். மரை போயிருந்தால் பெரிய போல்ட்டைத் திணிக்காமல் புது மரை தரும் கம்பிச் சுருளான ஹெலிகாயில் போடுங்கள்.

ரப்பர் கேஸ்கட் என்றால் காய்ந்த நிலையில் போட வேண்டும். அதில் சிலிக்கான் பூசினால் அது வழவழப்பாகி, இறுக்கும்போது கேஸ்கட் பக்கவாட்டில் பிதுங்கி வெளியே வந்துவிடும். கார்க் கேஸ்கட்டுக்கும் இதே சட்டம். எல்லாப் போல்ட்டுகளையும் விரலால் முடுக்கி, நடுவிலிருந்து ஓரமாகக் குறுக்கும் மறுக்குமாக, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். எம்6 போல்ட் உள்ள பேன்களுக்குப் பொதுவாக 8 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான் வரும். உங்கள் கியர்பாக்ஸின் மேனுவலில் உள்ள எண்ணே கடைசி. இது மணிக்கட்டு அளவு வேலை, முழங்கை அளவு வேலை இல்லை. இறுக்கும் அளவைக் காட்டும் சின்ன டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் தவறு செய்வார்கள்.

சில கியர்பாக்ஸ்களில் கேஸ்கட்டே கிடையாது, சிலிக்கான் மட்டும்தான். அங்கே தோல்விக்குப் பெரும்பாலும் காரணம், வால்வ் பாடியிலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டிருக்கும்போதே பூசுவது. பேனை இறக்கி ஒரு ராத்திரி வடியவிட்டு, பூசுவதற்குச் சற்று முன் இரண்டு பரப்பையும் கிளீனரால் துடைத்து, ஏறத்தாழ 3 மி.மீ. கனத்தில் அறுபடாத கோடாக, போல்ட் ஓட்டைகளின் உட்பக்கமாக இழுத்து, தோல் கட்டும் முன் பேனை ஏற்றிவிடுங்கள். டியூபில் சொன்ன நேரம், பெரும்பாலும் 24 மணி நேரம், ஆயில் ஊற்றாமல் பொறுத்திருக்க வேண்டும். கோடு தடித்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். உள்ளே பிதுங்கிய சிலிக்கான் அறுந்து ஃபில்டரில் போய் ஒட்டும்.

கூலர் குழாய்கள்

ரேடியேட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களும் ஓடும்போது பிரஷரில் இருக்கும், அதனால் இங்கே சின்னத் துளையும் பீய்ச்சும். ரப்பர் ஹோஸை விரலால் அழுத்தினால் கல்லாக இருந்தால் காலம் முடிந்தது. கையில் கிடைத்த பெட்ரோல் ஹோஸை மாட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு, கியர் ஆயிலின் சூட்டை அது தாங்காது. டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலருக்கென்று குறிக்கப்பட்ட ஹோஸ் வேண்டும். ஹோஸ் குழாய் முனையின் மேட்டைத் தாண்டி 25 மி.மீ. உள்ளே போய், கிளாம்ப் மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். மேடில்லாமல் வெட்டிய இரும்புக் குழாயில் ஹோஸ் மாட்டினால் எத்தனை கிளாம்ப் போட்டாலும் ஒருநாள் கழன்று, சில நிமிடத்தில் ஆயில் முழுவதும் ரோட்டில் போய்விடும்.

ரேடியேட்டர் பக்கத்து நட்டை எப்போதும் இரண்டு ஸ்பேனரால் திருகுங்கள், ஒன்று பிடிக்க, ஒன்று சுற்ற. ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் விரிசல் விடும். அப்படி விட்டால் வெளியே ஒழுக்கே தெரியாது. கூலண்ட் டேங்கில் இளஞ்சிவப்புப் பால் போல ஒன்று மிதக்கும். தண்ணீர் கலந்த ஆயில் கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பொருளை ஒட்டியிருக்கும் பசையைக் கெடுத்துவிடும். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

சுழலும் ஷாஃப்ட்டுகளின் சீல்கள்

பின் சீல் மாற்றி ஆறே வாரத்தில் மறுபடி ஒழுகினால் சீலைத் திட்டுவதை விட்டு புஷ்ஷைப் பாருங்கள். ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் முன் முனையைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். கைக்குத் தெரியும் அளவு ஆட்டம் இருந்தால் உள்ளே இருக்கும் புஷ் தேய்ந்துவிட்டது. ஆடும் ஷாஃப்ட்டை எந்தச் சீலின் உதடும் துரத்திக்கொண்டு போக முடியாது. யூனிவர்சல் ஜாயின்ட் தேய்மானமும் உடைந்த கியர்பாக்ஸ் மவுண்ட்டும் இதே வேலையைச் செய்யும். ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் முன் முனையில் சீலுக்குள் போகும் துண்டான யோக்கின் மேல் சீல் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுகிறதா? தட்டினால் யோக்கை மாற்றலாம், அல்லது கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள ரிப்பேர் ஸ்லீவ் ஏற்றலாம். புதுச் சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்துப் பள்ளத்தைத் தவிர்ப்பதும் நடக்கும், இடம் இருந்தால். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் பொருந்தும்படி அடையாளம் போட்டுவிடுங்கள், மாற்றி மாட்டினால் அதிரும்.

முன் சக்கரம் இழுக்கும் வண்டிகளில் ஆக்சில் சீல் இடதுக்கும் வலதுக்கும் வேறாக இருக்கலாம். உதட்டில் சாய்வாக வரிகள் இருந்தால் அவை சுழலும் திசைக்கு ஏற்றவை, மாற்றிப் போட்டால் ஆயிலை வெளியே இறைக்கும். சீலைச் சுத்தியலால் ஒரு ஓரமாக அடித்தால் பின்னால் இருக்கும் மெல்லிய சுருள் ஸ்பிரிங் கழன்று விழும். உதட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கிரீஸ் வைத்தால் அது நகராது. டெஃப்லான் உதடு உள்ள சீலில் மட்டும் எதையும் தடவாமல் காயவே போட வேண்டும். ஆக்சிலைச் சீலுக்குள் நுழைக்கும்போது அதன் எடை உதட்டில் உட்காராதபடி தாங்கிப் பிடித்து நேராக விடுங்கள். ஸ்பிளைன் பற்கள் உதட்டைக் கிழிப்பது அந்த ஒரு நொடியில்தான். முனையில் இருக்கும் சர்க்கிளிப் புதிதாக இருக்கட்டும்.

பம்பின் முன் சீல்தான் கடைசிச் சந்தேகம், ஏனென்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். பெல் ஹவுசிங்கின் கீழ் மூடியைக் கழற்றிப் பாருங்கள். கன்வர்ட்டரின் பின்பக்கமும் ஹவுசிங்கின் உட்சுவரும் நனைந்து, எஞ்சின் பக்கம் காய்ந்திருந்தால் பம்ப் பக்கம். கன்வர்ட்டரை எஞ்சினோடு இணைக்கும் தகடான ஃபிளெக்ஸ் பிளேட்டின் எஞ்சின் பக்க முகம் நனைந்திருந்தால் எஞ்சினின் பின் சீல். இறக்கியாகிவிட்டால் சீலோடு நிறுத்தாதீர்கள். கன்வர்ட்டர் கழுத்தில் பள்ளம் இருக்கிறதா, பம்ப் புஷ் இடம் நகர்ந்து சீலைத் தள்ளியிருக்கிறதா, சீலுக்குப் பின்னால் ஆயில் திரும்பும் துளை அடைந்திருக்கிறதா, பம்பைச் சுற்றியிருக்கும் பெரிய ஓ-ரிங் கல்லாகிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேர்கோட்டில் நிறுத்தும் இரண்டு டவல் பின்கள். முன்பு எஞ்சின் இறக்கிய வண்டிகளில் இவை தொலைந்திருக்கும். போல்ட்டுகள் மட்டும் பிடித்தால் ஒரு முடி அளவு விலகல் வரும், கன்வர்ட்டர் கழுத்து சீலுக்குள் கோணலாகச் சுற்றும், எத்தனை சீல் மாற்றினாலும் தின்றுவிடும். திரும்ப ஏற்றும்போது கன்வர்ட்டரைச் சுற்றிச் சுற்றித் தள்ளி முழுதாக உட்கார வையுங்கள். ஹவுசிங்கை இறுக்கிய பிறகு கன்வர்ட்டருக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே பல கியர்பாக்ஸ்களில் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்கும். இடைவெளியே இல்லாமல் போல்ட்டால் இழுத்து மூடினால் பம்ப் உடையும்.

ஸ்டாப் லீக் திரவம் கல்லான ரப்பரைக் கொஞ்சம் ஊதச் செய்யும். அதனால் ஈரம் கசியும் பழைய சீல் சில மாதம் அடங்கலாம். கிழிந்த உதட்டுக்கும் பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டுக்கும் தளர்ந்த புஷ்ஷுக்கும் அதனால் பலனில்லை. பிரேக் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றினால் நிற்கும் என்று ஒரு பழைய யோசனை உலாவுகிறது. அது ரப்பரை ஊதவைத்து இளக்கிக் கூழாக்கிவிடும், உள்ளே இருக்கும் சீல்கள் உட்பட. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வேலை முடிந்து ஆயில் ஊற்றும்போது, வடித்து அளந்ததில் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, பிறகு மட்டம் பார்த்து நிரப்புங்கள். ஆயில் சூட்டில் பெருகும்: 8 லிட்டர் 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 0.4 லிட்டர் கூடும். குளிரில் ஃபுல் என்று நிரப்பியது சூட்டில் அதிகமாகி பிரீதர் வழியே வருவது இதனால்தான். பெரும்பாலான வண்டிகளில் சூடான பிறகு, சமதளத்தில், எஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லும் வண்டிகளும் உண்டு. டிப்ஸ்டிக் இல்லாமல் வழியும் பிளக் உள்ளவற்றில் ஆயில் சூடு பல வண்டிகளுக்கு 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

முதல் இரண்டு நாள் அட்டையில் ஓரிரு சொட்டு விழுந்தால் உடனே மறுபடி திறக்காதீர்கள். குறுக்குச் சட்டத்தின் மடிப்பிலும் பெல் ஹவுசிங்கின் அடியிலும் ஒளிந்திருந்த பழைய ஆயில் வடிந்துதான் தீரும். அந்த இடங்களைத் துடைத்து, பவுடரை மறுபடி தூவி, மூன்று நாள் நிறுத்தி வைத்துவிட்டு, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு டார்ச்சோடு அடியில் போய் மேலிருந்து கீழாகப் பாருங்கள்: கனெக்டர், டிப்ஸ்டிக் குழாய், செலக்டர் ஷாஃப்ட், அதன் பிறகே பேன் விளிம்பு.